பாலாத்துல தண்ணியில்ல, பையன் கண்ணுல இருக்கு

கேளுங்கண்ணா: வாசகர் கேள்விகளும் அண்ணன் பதில்களும்

போன இதழ்ல ஒரு தம்பிக்கு "லவ் புட்டுக்கிச்சுன்னா அழுதுதான் ஆகணும்னு சட்டமா, கொஞ்சம் சிரிச்சும் பாரேன்பா"ன்னு ரெண்டே வரி எழுதிட்டேன், அவ்ளோதான், ஆற்காட்ல இருந்து ஆம்பூர் வரைக்கும் பசங்க கடுதாசி குவிஞ்சு போச்சு. மெயில்ல பாதி, வாட்ஸ்அப்ல மீதி, ஒருத்தன் வாய்ஸ் மெசேஜே 11 நிமிஷம் அனுப்பியிருக்கான், அதுல 4 நிமிஷம் மூக்கு உறிஞ்சற சத்தம்தான். அதனால இந்த வாரம் சூப் பாய்ஸ், அதான் லவ்ல அடிபட்ட பசங்க, ஸ்பெஷல்னு வெச்சுக்கோங்க. பேர் போட வேணாம்னு எல்லாரும் கேட்டுக்கினதால புனைபேர்லயே போறேன், ஊர் மட்டும் நிஜம்.

'டைரக்டர் தம்பி', காட்பாடி

அண்ணா, நானும் ரூம்ல இருக்கிற பசங்களும் சேந்து 20 நிமிஷம் ஓடற ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுக்கப் போறோம். ரொமான்டிக் காமெடி, ஆனா லவ்ல அடிபட்ட பையன் பார்வையில. கதை இதான்: ஹீரோ காலேஜ்ல நாலு வருஷம் ஒரு பொண்ண லவ் பண்றான், அவ அமெரிக்கா மாப்பிள்ளைக்கு ஓகே சொல்லிடறா, இவன் தாடி விட்டு, தண்ணியடிச்சு, கடைசியில வேலூர் கோட்டை அகழி ஓரமா உக்காந்து அவ ஃபோட்டோவ கிழிச்சு தண்ணியில போடறான். ஸ்கிரிப்ட் படிச்சவன் எல்லாம் "இதுல காமெடி எங்கடா கீது"ன்னு கேக்கறான். ஹீரோவுக்கு ஒரு காமெடி ஃப்ரெண்ட் சேத்துட்டா சரியாயிடுமா?

பதில்: சேக்காத. ஏற்கனவே ஸ்கிரிப்ட்ல ஒரு காமெடியன் இருக்கான், உன் ஹீரோதான் அவன், உனக்குத்தான் அது இன்னும் தெரியல.

தாடியையே எடுத்துக்கோ. கத்திரி வெயில்ல நம்ம ஊர்ல 40 டிகிரிய தாண்டிப் போவும், அந்த வெயில்ல தாடி விட்டுக்கினு சோகமா திரியறவன் மூணாவது நாள் சோகத்த மறந்துட்டு சொரிஞ்சிக்கினு நிப்பான். சலூன்காரர் வேற "இன்னா தம்பி, சபரிமலைக்கா?"ன்னு கேப்பாரு. இவன் ஆமான்னு தலையாட்டிட்டான்னா முடிஞ்சது கதை, அப்பால மாலை போட்டுத்தான் ஆகணும், அம்மா விரதச் சாப்பாடு செய்ய ஆரம்பிச்சிடுவாங்க, தண்ணியடிக்கற சீன் தானா கேன்சல். பாத்தியா, ஒரு தாடிக்கே நாலு நிமிஷம் படம் ஓடிடுச்சு.

அகழி சீனும் அப்படித்தான். அந்தக் கோட்டையில 1806 ஜூலை 10ந் தேதி விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்ங்க வெள்ளக்காரன எதுத்து நிஜமாவே ரத்தம் சிந்தினாங்க, அன்னிக்கு காலையிலயே அந்த சிப்பாய்ங்கள எத்தினி பேர சுட்டுத் தள்ளினானுங்க, அப்படிப்பட்ட எடத்துல நம்மாளு பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோவ கிழிச்சுக்கினு "என் வாழ்க்கையே போச்சு"ன்னு சொல்றான். கேமராவ கொஞ்சம் பின்னால இழுத்து அந்த மதில் முழுசும் தெரியற மாதிரி வெச்சாலே சிரிப்பு வந்துடும். கிழிச்ச ஃபோட்டோவ தண்ணியில போடும்போது தொல்லியல் துறை வாட்ச்மேன் வந்து "தம்பி, அகழியில குப்ப போடாத, எடு"ன்னு சொல்லட்டும். இவன் குச்சிய வெச்சுக்கினு கிழிச்ச துண்டு ஒவ்வொண்ணா பொறுக்கட்டும், அவ கண்ணு ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். கிளைமாக்ஸ் கெடச்சிடுச்சா?

விஷயம் இன்னான்னா, அழறவன் மூஞ்சிய மட்டும் காட்டினா அது சோகப்படம், அவன் அழும்போது பக்கத்துல சால்னா பத்தலன்னு கைய தூக்கிக்கினு இருக்கிற நண்பனையும் சேத்துக் காட்டினா காமெடி. ரெண்டுலயும் அழுகை ஒண்ணுதான், அவன் வலியும் பொய் இல்ல, ஆனா பொண்ணு விட்டுட்டுப் போன அன்னிக்கும் பக்கத்து டேபிள்காரனுக்குப் பசிக்குது, டவுன் பஸ் அதே நேரத்துக்கு வருது, ஊட்ல ரேஷன் கடைக்குப் போயிட்டு வாடான்னு சொல்றாங்க. உலகம் நின்னுடும்னு நெனச்சோமே, கொஞ்சம் லேட்டாக் கூட ஆவலியேன்னு ஒரு பையன் முழிக்கிற முழி இருக்கே, அதான் உன் படம்.

என் கதையவே சொல்றேன், வெளிய சொல்லாத (பத்திரிகையில எழுதிட்டு வெளிய சொல்லாதன்றேன் பாரு). தொண்ணூறுகள்ல காட்பாடி பாகாயம் டவுன் பஸ்ல ரெண்டு வருஷம் ஒரு பொண்ணு பின்னாடியே போய்க்கினு வந்துக்கினு இருந்தேன், பேசினது மொத்தமா ஏழெட்டு தடவ இருக்கும், ஒரு நாள் அவங்களே கூப்ட்டு, எனக்கு நிச்சயம் ஆயிடுச்சு, இனிமே இந்த பஸ்ல வராதீங்கன்னு மரியாதையா சொல்லிட்டாங்க. நான் பாலாத்துப் பாலத்து மேல நடந்து வந்தேன். மனசுல இன்னா நெனப்புன்னா, ஆத்தப் பாத்துக்கினு நிக்கணும், காத்து முடிய கலைக்கணும், தண்ணி ஓடணும். நம்ம ஆத்துல ஏதுபா தண்ணி? கீழ மணல்ல பசங்க கிரிக்கெட் ஆடிக்கினு இருந்தானுங்க. சரி மணலுக்காவது போய் உக்காரலாம்னு எறங்கி ஓரமா உக்காந்தா, பந்து என் கால்ல வந்து விழுது, எடுத்துப் போட்டேன், ஒருத்தன் "ணா, ஒரு ஆளு கம்மி, நிக்கிறியா?"ன்னு கேட்டான். நின்னேன். பொழுது சாயற வரைக்கும் லாங் ஆன்ல நின்னு ரெண்டு கேட்ச் புடிச்சேன், அதுல ஒண்ணு ஒத்தக் கை. ஊட்டுக்கு வந்து கை கால் கழுவும்போதுதான், அடடா நம்ம இன்னிக்கு சோகமா இருந்திருக்கணுமேன்னு ஞாபகம் வந்தது. அப்பறம் போய் முறையா அழுதேன்னு வெச்சுக்கோ.

இன்னொண்ணு, உன் கதையில எனக்குப் புடிக்காதது அந்த அமெரிக்கா மாப்பிள்ள. அவ பணத்துக்காக போயிட்டான்னு காட்டினா உன் ஹீரோ நல்லவனாயிடுவான்னு நெனக்கிற. ஆகமாட்டான், போரடிப்பான். தப்பே பண்ணாதவன் கீழ விழுந்தா எவன் சிரிப்பான்? வாழப்பழத் தோல தானே போட்டுட்டு தானே வழுக்கி விழறவனப் பாத்துதான் சிரிப்போம். அவ ஏன் போனான்னு அவ வாயால ஒரு ரெண்டு நிமிஷம் சொல்ல வுடு, நாலு வருஷத்துல ஒரு தடவ கூட என் சப்ஜெக்ட் இன்னான்னு நீ கேட்டதில்லன்னு சொல்லட்டும். தியேட்டர்ல உக்காந்திருக்கிற பாதி ஆம்பளைங்க நிமிந்து உக்காருவானுங்க.

உனக்கு ஒரு பழைய சங்கதி சொல்றேன். சங்கப் பாட்டுங்கள்ல மடலேறுதல்னு ஒண்ணு வரும், கேட்டிருப்ப. காதல் கைகூடாதவன் பனை மட்டையில குதிர செஞ்சு, அதுல ஏறிக்கினு, எருக்கம் பூமாலைய போட்டுக்கினு, அவ உருவத்தப் படமா வரைஞ்சு கையில வெச்சுக்கினு நடுத் தெருவுல ஊர்வலம் வருவேன்னு சொல்லுவான். பனை மட்டையோட ஓரம் எப்படி இருக்கும்னு கிராமத்துப் பசங்களுக்குத் தெரியும், ரம்பம். அதுல ஏறி உக்காறவன நெனச்சுப் பாரு. நம்ம முதல் லவ் ஃபெயிலியர் காமெடி அதுதான்னு நான் சொல்லுவேன், ஆனா அதுல ஒரு கெட்ட வேலையும் இருக்கு, ஏன்னா அது அழுகை மட்டும் இல்ல, மெரட்டல். ஊர் உன்னப் பத்திப் பேசும், ஒழுங்கா ஒத்துக்கோன்றதுதான் அதுக்கு உள்ளர்த்தம். இன்னிக்கு அந்த மட்டக் குதிரைக்குப் பேர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

வேற ஊர்ப் படத்தப் பாத்து சீன் புடிக்காத, நம்ம பக்கத்துலயே வள்ளிமலை கீது, உங்க காட்பாடி தாலுகாதான். தினைப்புனத்துல குருவி ஓட்டிக்கினு இருந்த பொண்ணுகிட்ட கடவுளே வேடனா வந்து நிக்கிறாரு, பேச்சு எடுபடல. அவ அப்பா நம்பிராஜன் வர்றத பாத்துட்டு வேங்கை மரமா நின்னுக்கிறாரு. அப்பால கெழவனா வர்றாரு, தேனும் தினைமாவும் குடுத்தா விக்கல் எடுக்குது, தண்ணி கேக்கறாரு, தண்ணி குடுத்தா கல்யாணம் பண்ணிக்கன்றாரு, தாத்தா இன்னா பேச்சு பேசறன்னு திட்டு வாங்கறாரு. கடைசியில அண்ணன யானையா வரச்சொல்லி பயமுறுத்தித்தான் காரியம் நடக்குது. சாமியே இத்தினி பல்ப் வாங்கி, ஃபேமிலி சப்போர்ட் கேக்க வேண்டியதாப் போச்சு. அவர் பண்ணா திருவிளையாடல், நீ அண்ணன அனுப்பி பயமுறுத்தினா மகளிர் போலீஸ் ஸ்டேஷன், அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கினு, அந்த பல்ப் வாங்கற பாகத்த மட்டும் எடுத்துக்கோ.

'பிரேக்கப் பாய்', சத்துவாச்சாரி

அண்ணா, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டைன்னு நம்ம வேலூரப் பத்தி சொல்லுவாங்க இல்ல, அதுல ஆளில்லாத பையன்னு என்னையும் சேத்துக்கலாம். அவ என்ன வாட்ஸ்அப், இன்ஸ்டா, கால் எல்லாத்துலயும் பிளாக் பண்ணிட்டா. ஆனா ஜிபேல பிளாக் பண்ண மறந்துட்டா. தெனம் 1 ரூபா அனுப்பி நோட்ல 'சாரி'ன்னு போடறேன். 23 நாள் ஆச்சு. பதில் வருமா?

பதில்: மொதல்ல அந்தப் பழமொழி. அது எப்பவோ எக்ஸ்பைரி ஆயிடுச்சு தம்பி. ஜலகண்டேஸ்வரர் கோயில்ல பல நூறு வருஷம் மூலஸ்தானம் காலியாத்தான் இருந்தது, ஆனா 1981ல லிங்கத்த திரும்பக் கொண்டாந்து வெச்சுட்டாங்க, அதுவும் எங்க இருந்து? உங்க சத்துவாச்சாரியில இருந்து! ஊர்ல இருந்துக்கினு இது கூடத் தெரியாம சாமியில்லாத கோயில்ன்ற. ஆத்துல தண்ணியில்லன்றதும் 2021 நவம்பர்ல பொய்யாப் போச்சு, பாலாறு கரை புரண்டு ஓடி, பாலத்து மேல நின்னு ஊரே செல்ஃபி எடுத்துச்சு. அந்தப் பழமொழியில இந்த ஊர்ப் பொண்ணுங்க அழகப் பத்தி இன்னொரு வரியும் இருக்கு, அத நீயும் எழுதல, நானும் எழுதப் போறதில்ல. அத மொதமொதல்ல சொன்னவன் எவனோ கண்டிப்பா ஒரு சூப் பாய்தான், எந்தத் தெருவுலயோ எவளோ முடியாதுன்னு சொல்லியிருக்கா, அந்தக் கடுப்புல ஊர் மேலயே பழியப் போட்டுட்டுப் போயிருக்கான்.

இப்ப 1 ரூபா மேட்டர். நீ மன்னிப்பு கேக்கறதா நெனச்சுக்கினு இருக்க. அவ போன்ல இன்னா நடக்குதுன்னு யோசி, காலையில எழுந்தா டிங்குன்னு சத்தம், 'சாரி', மறுநாள் டிங், 'சாரி'. கதவ சாத்திட்டாங்கன்னு ஜன்னல் வழியா கைய வுட்டு மணி அடிக்கிற. இதுவும் தொல்லைதான்பா, அளவு சின்னதுன்றதால தொல்லை இல்லன்னு ஆயிடாது. 23 ரூபாயோட நிறுத்து. அந்தக் காசுக்கு ஒரு டீயாவது வந்திருக்கும்.

'நெஞ்சு வலிக்குதுங்க', ராணிப்பேட்டை

லவ் ஃபெயிலியர் ஆனா நெஞ்சு நிஜமாவே வலிக்குமா, இல்ல சும்மா கவிதைக்குச் சொல்றதா? எனக்கு நாலு நாளா இடது பக்கம் சுருக்குனு இழுக்குது. வயசு 31.

பதில்: கவிதை இருக்கட்டும், நீங்க மொதல்ல டாக்டரப் பாருங்க. 31 வயசுல நெஞ்சு வலின்னா அது லவ்வா கேஸா ஹார்ட்டான்னு நீங்களே முடிவு பண்ணக் கூடாது, அத டாக்டர் ஈசிஜி எல்லாம் பாத்து சொல்லட்டும்.

இப்ப கேள்விக்கு வரேன். மனசு ஒடைஞ்சா இதயம் நிஜமாவே ஆட்டம் காணற வியாதி ஒண்ணு இருக்கு, டாகோட்சுபோன்னு பேரு, 1990ல ஜப்பான் டாக்டருங்க எழுதினது. பெரிய அதிர்ச்சி வந்ததும் இதயத்தோட இடது கீழறை பலூன் மாதிரி உப்பிக்கும், வாய் குறுகி அடி பெருத்து, பாக்க ஜப்பான்ல ஆக்டோபஸ் புடிக்கிற பானை மாதிரி தெரியுமாம், அந்தப் பானைக்குத்தான் டாகோட்சுபோன்னு பேரு. ஹார்ட் அட்டாக் மாதிரியே வலி வரும், ஆனா ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்காது, முக்கால்வாசிப் பேருக்கு சில வாரத்துல பழையபடி ஆயிடும். ஆனா உங்களுக்கு ஒரு ஏமாத்தம் இருக்கு, இது வர்றவங்கள்ல பத்துக்கு ஒம்போது பேர் மாதவிடாய் நின்ன வயசுப் பொம்பளைங்க. பாட்டெழுதி, தாடி விட்டு, தெருவெல்லாம் பொலம்பறது நம்ம, நிஜமா இதயம் ஒடையறது அம்மாங்களுக்கும் அத்தைங்களுக்கும். அவங்க சத்தம் போடாம சாம்பார் தாளிச்சிக்கினு இருக்காங்க.

'அட்டெண்டர்', தோட்டப்பாளையம்

இது கேள்வி இல்லண்ணா, நடந்தது. போன மாசம் அவ போன்லயே முடிச்சுட்டா. நான் அப்ப சிஎம்சி ஆஸ்பத்திரி எதுத்தாப்ல ஆற்காடு ரோட்ல நின்னுக்கினு இருந்தேன். அங்கயே ஒரு மெடிக்கல் ஷாப் படியில உக்காந்து அழுதுட்டேன். ஒரு பெங்காலி பெரியவர் வந்து தோள்ல கை வெச்சு "பேஷண்ட் கோன்?"ன்னு, பேஷண்ட் யாருன்னு கேட்டாரு. எனக்கு ஹிந்தி அரைகுறை. நெஞ்ச தொட்டு "மேன்தான்"னு, நான்தான்ற அர்த்தத்துல சொன்னேன். அவர் பதறிப் போயி ஹார்ட் கேஸ்னு நெனச்சு எளநீ வாங்கிக் குடுத்து, பையில இருந்து ஏதோ சாமி பூவ எடுத்து தலையில வெச்சு, பத்து நிமிஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. அவர் பொண்டாட்டிக்கு அன்னிக்கு ஆபரேஷனாம், அப்பறம்தான் சைகையில சொன்னாரு. எனக்கு இன்னிக்கு வரைக்கும் குத்தமா இருக்கு. நான் செஞ்சது தப்பா?

பதில்: தப்பு இல்ல. தம்பி, இத படிச்சிட்டு சிரிச்சேன், அப்பறம் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். 1900ல ஐடா ஸ்கட்டர் ஒத்தக் கட்டில் போட்டு ஆரம்பிச்ச எடம் அது, இன்னிக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம்னு எங்கெங்க இருந்தோ வர்றாங்க, அந்த ரோட்ல கடை போர்டு கூட பெங்காலியில இருக்கு, படியில உக்காந்து அழறவன யாரும் வேடிக்கை பாக்கறதில்ல. வேலூர்ல பப்ளிக்கா அழறதுக்கு அதவிட மரியாதையான எடம் கிடையாது. அவரும் அன்னிக்கு யாருக்காவது எளநீ வாங்கித் தரணும்னு தவிச்சிக்கினு இருந்திருப்பாரு, நீ கெடச்ச. அடுத்த தடவ அந்தப் பக்கம் போனா படியில யாராவது உக்காந்திருக்காங்களான்னு பாரு, உங்கிட்ட ஒரு எளநீ பாக்கி இருக்கு.

டைரக்டர் தம்பி, இத படிக்கிறியா? இந்த சீன கேட்டு வாங்கிக்கோ, கிரெடிட் போடு.

'விட்டுட்டுப் போனவ', குடியாத்தம்

அண்ணா, உங்க பக்கத்துல எப்பவும் பசங்க பார்வைதான். நான் ஒருத்தர வேணாம்னு சொன்னவ. ஒண்ணே கால் வருஷம் பழகினோம், செட் ஆகல, நேர்ல உக்காத்தி வெச்சு காரணம் சொல்லித்தான் முடிச்சேன். இப்ப அவர் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் என்ன 'ஏமாத்துக்காரி'ன்றாங்க, அவர் தெனம் சோகப் பாட்டு ஸ்டேட்டஸ் வெக்கிறாரு, கங்கையம்மன் திருவிழாவுல கூட அவர் ஃப்ரெண்ட் ஒருத்தன் என்னப் பாத்து உச்சு கொட்டினான். எனக்கும் அழுகை வருதுன்னு யாருக்குமே தெரியல. விட்டுட்டுப் போனவளுக்கு அழ உரிமை இல்லையா?

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர்தான் இந்த வாரம் வந்ததுலயே பெருசா யோசிக்க வெச்சது. ஒருத்தர வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி எத்தினி ராத்திரி தூங்காம இருந்திருப்பீங்கன்னு யாரும் கேக்கமாட்டாங்க, ஏன்னா நீங்க அழுதது முடிவுக்கு முன்னாடி, அவர் அழறது முடிவுக்குப் பின்னாடி, பின்னாடி அழறவன் சத்தம்தான் ஊருக்குக் கேக்குது.

ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, 'ஏமாத்திட்டா'. நம்ம பசங்க வாயில முடியாதுன்னு சொன்னதுக்கும் ஏமாத்தினதுக்கும் ஒரே வார்த்தைதான். வேற ஒருத்தன வெச்சுக்கினு இவன்கிட்டயும் பேசினா அது ஏமாத்தறது. நேர்ல உக்காந்து செட் ஆவலன்னு சொன்னா அதுக்குப் பேர் நேர்மை, அதுவும் எத்தினி பேருக்கு வரும்? எனக்கு வந்திருக்காது, நான் பஸ்ஸ மாத்திட்டு ஓடியிருப்பேன்.

அந்த உச்சு கொட்டினவனுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. ஸ்டேட்டஸ மியூட்ல போடுங்க. எல்லை மீறி போன்ல, நேர்ல தொல்லை குடுத்தா ஊட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைங்க, 181க்கும் கூப்டலாம், பெண்கள் உதவி எண். அழணும்னா அழுங்க, இதுக்கு இன்னா சீனியாரிட்டியா.

'ஒரு அப்பா', ஆம்பூர்

ஐயா, ஷூ கம்பெனியில 28 வருஷம் வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவன். பையனுக்கு 24. பதினஞ்சு நாளா ரூம விட்டு வரமாட்டேங்கிறான். போன ஞாயித்துக்கெழம பிரியாணி வாங்கியாந்தேன், தொடல. இந்த ஞாயித்துக்கெழமையும் தொடல. அவங்கம்மா பொண்ணு விஷயம்னு சொல்றா. எனக்கு அவன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல. எங்க நைனா எங்கிட்ட இந்த மாதிரியெல்லாம் பேசினதில்ல.

பதில்: ஆம்பூர்ல ஒரு பையன் ரெண்டு ஞாயித்துக்கெழம பிரியாணிய தொடலன்னா அது சீரியஸ் விஷயம்தான் ஐயா, நான் கிண்டலுக்குச் சொல்லல. சீரக சம்பா வாசனையும் அந்தக் கத்திரிக்காய் தொக்கும் ஒருத்தன எழுப்பலன்னா அவன் உள்ள எங்கயோ ஆழத்துல கெடக்கறான்.

நம்ம வீட்டு அப்பாங்களுக்கு புள்ளைங்க கிட்ட பேச ஒரே வாக்கியம்தான் தெரியும், 'சாப்டியா?' அதுலயே கோவம், பாசம், மன்னிப்பு எல்லாத்தையும் சொல்லிப் பழகிட்டோம். அவனும் 'ம்'னு ஒரு எழுத்துல பதில் சொல்லிப் பழகிட்டான். நீங்க புதுசா ஒண்ணும் பேச வேணாம். அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊரு, எந்த ஆளுங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அத கேட்டா கதவு இன்னும் இறுக்கிக்கும். ரூம்ல போய் அவன் கட்டில்ல ஓரமா உக்காருங்க, ஃபேன் சத்தம் போடுதேன்னு எதாவது சொல்லுங்க, எண்ணெய் போடணும், ஸ்டூல புடிடான்னு சொல்லுங்க. ஆம்பளைங்க நேருக்கு நேரா பாத்துப் பேச மாட்டாங்க, ரெண்டு பேரும் ஒரே ஸ்க்ரூவ பாத்துக்கினு இருந்தா பேச்சு தானா வரும். உங்களுக்கும் கல்யாணத்துக்கு முந்தி ஒண்ணு இருந்திருக்கும் இல்ல? கம்பெனி பஸ்ல, இல்ல மேல் வீட்ல? அத சொல்லுங்க. அவங்கம்மா கடைக்குப் போயிருக்கற நேரமாப் பாத்து சொல்லுங்க, அத நான் சொல்லவே வேணாம்.

ஆனா ஒண்ணு மட்டும் கவனிங்க. தூக்கமே இல்ல, குளிக்கறதில்ல, இருந்து இன்னா பிரயோஜனம்ன்ற மாதிரி வார்த்தை வருதுன்னா, காதல் தோல்விதானே தானா சரியாயிடும்னு காத்துக்கினு இருக்காதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போங்க. 14416ன்னு டெலிமானஸ் நம்பர் இருக்கு, ராத்திரி பகல் எப்பவும், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். அவன் பேசலன்னாலும் நீங்க பேசிக் கேக்கலாம்.

'மொய்', பள்ளிகொண்டா

எக்ஸ் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு. போறேன்னு முடிவு பண்ணிட்டேன். மொய் எவ்ளோ எழுதலாம்?

பதில்: மொய்ன்றது கிஃப்ட் இல்லபா, கணக்கு. நீ 1001 எழுதினா அவங்க ஊட்டு நோட்ல உன் பேர் ஏறிடும், நாளைக்கு உன் கல்யாணத்துக்கு அவளும் அவ புருஷனும் வந்து அத திருப்பி எழுதியாகணும், நீ அவ புள்ள காதுகுத்துக்குப் போகணும், அது ஏழு தலைமொறைக்கும் நீளும். முழுசா முடிச்சுக்கணும்னா மொய் எழுதாத, ஒரு கிலோ ஆற்காடு மக்கன் பேடா வாங்கிக்கினு போ, அதுக்கு நோட்டும் இல்ல, திருப்பித் தர வேண்டியதும் இல்ல. பந்தியில உக்காந்து நல்லா சாப்பிடு. வீடியோக்காரர் வரும்போது மட்டும் மூஞ்சிய எல பக்கம் வெச்சுக்கோ.

'நட்பு', வாணியம்பாடி

பிரிஞ்சதுக்கு அப்பறம் ஃப்ரெண்ட்ஸா இருக்க முடியுமா?

பதில்: வட ஆற்காடு மாவட்டம் 1989ல ரெண்டாப் பிரிஞ்சுது, மிச்சம் இருந்த வேலூர் 2019ல மறுபடி மூணாச்சு, உங்க வாணியம்பாடி திருப்பத்தூர் பக்கம் போயிடுச்சு. இப்பவும் பஸ் ஓடுதா இல்லையா? ஆனா பிரிஞ்ச மறுநாளே யாரும் போய் ஒண்ணா உக்காந்து டீ குடிக்கல, யாருக்கு எந்த ஆபீஸ், எந்த ஃபைல்னு பிரிச்சு முடிக்கவே நாளாச்சு. நீ மொதல்ல உன் ஃபைல எடுத்துக்கினு வா.

'பிரேக்கப் பாய்', சத்துவாச்சாரி (இதழ் அச்சுக்குப் போற நேரத்துல வந்த ரெண்டாவது மெயில்)

அண்ணா, அர்ஜென்ட். நேத்து ராத்திரி 11.40க்கு அவ ஜிபேல எனக்கு 343 ரூபா அனுப்பியிருக்கா!! நோட்ல 'பழைய பாக்கி 320, உன் 23'ன்னு போட்டிருக்கா. மூணு மாசம் முன்னாடி அவளுக்கு புஸ்தகம் வாங்க 320 குடுத்தேன், நானே மறந்துட்டேன், அவ ஞாபகம் வெச்சிருக்கா. ராத்திரி 11.40க்கு என்ன நெனச்சிருக்கா பாருங்க. இதுக்கு இன்னா அர்த்தம்ணா?

பதில்: 343 ரூபான்னு அர்த்தம்.